சீன எழுத்துகளின் கீற்றுவரிசை: கையின் இயல்பும் நெறிமுறையின் ஆணையும்

ஆய்வுச் சுருக்கம்

சீன எழுத்துகளைக் கற்போர் அவற்றின் வடிவத்தை மட்டுமன்றி, அவ்வடிவத்தை ஆக்கும் கீற்றுகளின் முன்பின் முறையையும் கற்க வேண்டியுள்ளது. எழுதி முடித்த வடிவம் செம்மையாக இருப்பினும், கீற்றுகள் வரிசை பிறழ்ந்து எழுதப்பட்டிருப்பின் அது பிழையாகக் கொள்ளப்படுவது உண்டு. இப்பிழை எத்தன்மையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கீற்றுவரிசையின் பெரும்பகுதி கை இயக்கத்தின் இயல்பிலிருந்து தோன்றியது. எஞ்சிய பகுதி அரசு நெறிமுறைகளால் வரையறுக்கப்பட்டது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவதே கற்பித்தலுக்கும் மதிப்பீட்டுக்கும் அடிப்படை என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சீன எழுத்து, கீற்று, கீற்றுவரிசை, வரிவடிவம், எழுத்துச் சீர்மை, எழுத்துக் கற்பித்தல்.

முன்னுரை

சீன மொழியில் அரசன் எனப் பொருள்படும் எழுத்து ‘வாங்’. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கிடைக்கோடுகளும் அவற்றை நடுவே இணைக்கும் ஒரு செங்குத்துக்கோடும் கொண்டது அது. இதனைச் சீன நாட்டு நெறிமுறைப்படி எழுதுவோர் மேலிரு கிடைக்கோடுகளை முதலில் வரைந்து, பின் செங்குத்துக்கோட்டை வரைந்து, அடிக்கோட்டால் முடிப்பர். ஜப்பானியப் பள்ளியில் பயின்றோர் மேற்கோட்டை அடுத்துச் செங்குத்துக்கோட்டை வரைந்து, அதன்பின் எஞ்சிய இரு கிடைக்கோடுகளையும் இடுவர். எழுதி முடித்த நிலையில் இரண்டிற்கும் வேற்றுமை காண்பது அரிது. ஆயினும் ஒரு வகுப்பில் சரியெனப்படும் வரிசை மற்றொரு வகுப்பில் திருத்தப்படுகிறது.

தமிழ் இலக்கண மரபு எழுத்தை ஒலிவடிவம், வரிவடிவம் என இருநிலையில் வைத்துக் காண்கிறது. சீன எழுத்தை விளக்க இவ்விரண்டு மட்டும் போதா. எழுதப்படும்போது அது கொள்ளும் இயக்கமும் அவ்வெழுத்தைப் பற்றிய அறிவின் ஒரு பகுதியாகவே அங்குக் கருதப்படுகிறது. இவ்வியக்கத்தைச் சீனர் ‘பிஷுன்’ என்பர். இக்கட்டுரையில் அது ‘கீற்றுவரிசை’ எனக் குறிக்கப்படுகிறது. கீற்றுவரிசையில் சரி, பிழை என்பன எவற்றின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகின்றன என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும்.

கீற்றும் அதன் வகைகளும்

எழுதுகோலைத் தாளில் வைத்தது முதல் எடுப்பது வரை உண்டாகும் ஒரு தொடர்வரையே கீற்று. சீன மொழியில் இது ‘பிஹுவா’ எனப்படும். கோணத்தில் திரும்பினாலும் எழுதுகோல் எடுக்கப்படாதவரை அது ஒரே கீற்றாகும். சதுர வடிவான ‘கோவ்’ (வாய்) என்னும் எழுத்து நான்கு பக்கங்களைக் கொண்டிருந்தும் மூன்று கீற்றுகளால் ஆனதாகக் கணக்கிடப்படுவது இதனாலேயே. இடப்பக்கச் செங்குத்து ஒன்று. மேற்பக்கமும் வலப்பக்கமும் இணைந்த மடிப்பு ஒன்று. அடிப்பக்கக் கிடைக்கோடு ஒன்று.

இக்காலச் சீன நெறிமுறை கீற்றுகளை ஐந்து பெருவகைகளாகத் தொகுத்து, அவற்றுக்கு 1 முதல் 5 வரை எண்ணிட்டுள்ளது. அவை கிடைக்கீற்று (ஹெங்), செங்குத்துக்கீற்று (ஷூ), இடச்சரிவு (பியே), புள்ளி (தியென்), மடிப்பு (ஜெ) என்பன. கீழிருந்து வலப்பக்கமாக மேலெழும் எழுகீற்று கிடைக்கீற்றிலும், வலச்சரிவு புள்ளியிலும் அடக்கப்படும். கையெழுத்துக்கலை மரபோ இவற்றை மேலும் நுட்பமாகப் பகுக்கிறது. என்றென்றும் எனப் பொருள்படும் ‘யோங்’ என்னும் ஓரெழுத்தில் தூரிகையின் எட்டு அடிப்படை இயக்கங்களும் அமைந்துள்ளன எனக் கொண்டு, அதனைப் பயிற்சியின் தொடக்கமாக வைப்பது அம்மரபு. இக்காலக் கணக்கில் அவ்வெழுத்துக்கு ஐந்து கீற்றுகளே உள்ளன. கணக்கிடுவோரின் அலகும் எழுதுவோரின் அலகும் ஒன்றல்ல என்பதை இது காட்டுகிறது.

பொதுவிதிகள்

கற்போருக்கு வழக்கமாகக் கூறப்படும் கீற்றுவரிசை விதிகள் ஏழு:

1. மேலிருந்து கீழ் எழுதுதல். மூன்று கிடைக்கோடுகளாலான ‘ஸான்’ (மூன்று) மேற்கோட்டில் தொடங்கும்.
2. இடமிருந்து வலம் எழுதுதல். நதியைக் குறிக்கும் ‘சுவான்’ எழுத்தின் மூன்று நெடுங்கீற்றுகள் இம்முறையில் அமையும்.
3. கிடையும் செங்குத்தும் வெட்டுமிடத்துக் கிடையை முதலில் எழுதுதல். கூட்டல் குறி போன்ற ‘ஷி’ (பத்து) இதற்குச் சான்று.
4. இடச்சரிவை முன்னும் வலச்சரிவைப் பின்னும் எழுதுதல். மனிதனைக் குறிக்கும் ‘ரென்’ இதற்குச் சான்று.
5. புறச்சட்டத்தை முன்னும் அகத்துள்ளதைப் பின்னும் எழுதுதல். நிலவைக் குறிக்கும் எழுத்து இவ்வாறு எழுதப்படும்.
6. நாற்புறமும் மூடிய சட்டமாயின், அகத்தை நிறைத்த பின்னரே அடிக்கோட்டால் மூடுதல். ‘ரி’ (கதிரவன்), ‘குவோ’ (நாடு) ஆகியவை இத்தகையன. உள்ளே சென்றபின் கதவடைப்பது போன்றது எனச் சீன மொழி ஆசிரியர்கள் இதனை விளக்குவர்.
7. இருபுறமும் ஒத்தமைந்த வடிவாயின் நடுக்கீற்றை முதலில் எழுதுதல். ‘ஷியாவ்’ (சிறிய) இதற்குச் சான்று.

இவ்விதிகள் ஒன்றையொன்று மறுக்கும் இடங்களும் உள. ஏழாம் விதி நடுவில் தொடங்கச் சொல்கிறது. இரண்டாம் விதி இடப்பக்கம் தொடங்கச் சொல்கிறது. ‘ஷியாவ்’ எழுத்தில் ஏழாம் விதி மேலோங்குகிறது. நெருப்பைக் குறிக்கும் ‘ஹுவோ’ எழுத்திலோ இருபுறச் சிறுகீற்றுகள் முதலிலும் நடுவுருவம் பின்னரும் எழுதப்படுகின்றன. ஒன்பதைக் குறிக்கும் ‘ஜியூ’, வலிமையைக் குறிக்கும் ‘லி’ ஆகிய இரண்டும் தம்முள் ஒத்த தோற்றமுடையவை. இரண்டிலும் ஓர் இடச்சரிவும் ஒரு மடிப்பும் உள்ளன. எனினும் ‘ஜியூ’ இடச்சரிவில் தொடங்கும். ‘லி’ மடிப்பில் தொடங்கும். ஆகவே விதிகளைக் கொண்டு எல்லா எழுத்துகளின் வரிசையையும் வருவித்துவிட இயலாது. அவை பெரும்பான்மை வழக்கின் தொகுப்புரைகளே.

விதிகளின் தோற்றப் பின்புலம்

பொதுவிதிகள் இலக்கண ஆசிரியர் ஒருவரால் வகுக்கப்பட்டவை அல்ல. எழுதுகருவி, எழுதுபொருள், எழுதும் திசை ஆகியவற்றால் விளைந்தவை. பண்டைச் சீனத்தில் மூங்கில், மரம் ஆகியவற்றின் குறுகிய பட்டைகளில் தூரிகையும் மையும் கொண்டு மேலிருந்து கீழாக எழுதினர். 1975இல் ஹூபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதியில் கிடைத்த சின் காலத்து மூங்கிற்பட்டைகள் இவ்வழக்கத்திற்குச் சிறந்த சான்றாகும். ஓரெழுத்தின் அடிப்பகுதியில் முடியும் தூரிகை, அடுத்த எழுத்தின் உச்சிக்கு எளிதிற் செல்லும். வலக்கையால் எழுதுவோர்க்குத் தூரிகையை இடமிருந்து வலம் இழுப்பது இயல்பு. எழுதிய பகுதி கையால் மறையாமலும் இருக்கும். முதலிரு விதிகளின் அடிப்படை இதுவே.

எழுத்துருவ வளர்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. கி.பி. 100 அளவில் ஷூ ஷென் இயற்றி, 121இல் அரசவையில் அளிக்கப்பட்ட ‘ஷுவோவென் ஜியேஸி’ என்னும் நூல், முத்திரை எழுத்துருவை அடிப்படையாகக் கொண்டு எழுத்துகளை 540 வகைக்குறிகளின்கீழ்த் தொகுத்தது. முத்திரை எழுத்துரு சீரான பருமனுடைய வளைகோடுகளால் ஆனது. நிருவாகத் தேவைக்கென விரைந்து எழுதப்பட்ட எழுத்தர் எழுத்துருவில் அவ்வளைவுகள் நேர்கீற்றுகளாக உடைந்தன. பின்னர் நிலைபெற்ற செவ்வெழுத்துருவில் கீற்றுகளின் தொடக்கமும் முடிவும் தெளிவாக வரையறைப்பட்டன. கீற்றுகளை எண்ணவும் வரிசைப்படுத்தவும் இயன்றது இவ்வுடைவின் பின்னரே. எனவே இன்று கற்பிக்கப்படும் வரிசை, பட எழுத்துக் காலத்திலிருந்து மாறாது வந்த ஒன்றன்று. விரைந்தெழுதிய கைகளின் பழக்கத்தில் உருவானது.

இடத்திற்கேற்ப மாறும் வரிசை

வரிசை கை இயக்கத்தைச் சார்ந்தது என்பதற்குத் தெளிவான சான்று, ஒரே உறுப்பு இடம் மாறும்போது அதன் வரிசையும் மாறுவதாகும். மாட்டைக் குறிக்கும் ‘நியூ’ எழுத்து தனித்து வரும்போது இடச்சரிவு, கிடை, கிடை, செங்குத்து என எழுதப்படும். அதுவே வேறோர் எழுத்தின் இடப்பக்க உறுப்பாகும்போது இடச்சரிவு, கிடை, செங்குத்து, எழுகீற்று என மாறும். கீழ்க்கிடைக்கோடு சாய்ந்து மேலெழும் கீற்றாகிக் கடைசியில் வருகிறது. எழுதுகோல் அடுத்துச் செல்லவேண்டிய வலப்பக்க உறுப்பை நோக்கி அது கையைச் செலுத்துகிறது. வண்டியைக் குறிக்கும் எழுத்தின் எளிமையாக்கப்பட்ட வடிவிலும் இதே மாற்றம் நிகழ்கிறது. தனித்து நிற்கையில் செங்குத்தால் முடியும் அது, இடப்பக்க உறுப்பானபோது எழுகீற்றால் முடிகிறது.

வழி எனப் பொருள்படும் ‘தாவோ’ எழுத்தில் இடப்புறமும் அடியும் சூழ்ந்த ‘செல்லுதல்’ உறுப்பு கடைசியில் எழுதப்படுகிறது. அதன் நீண்ட இறுதிக்கீற்று, மேலமைந்த உறுப்பின் அகலத்தை அறிந்தபின் இடப்பட வேண்டியிருப்பதால் இம்முறை பொருத்தமுடையது. எழுதலைக் குறிக்கும் ‘சி’ எழுத்திலோ, இவ்வாறே இடமும் அடியும் சூழும் ‘ஸோவ்’ உறுப்பு தனியெழுத்தாகவும் வழங்கும் முழுவடிவுடையது. ஆதலின் அது முதலில் எழுதப்படுகிறது. இத்தகைய இடங்களில் விதியைக் கூறுவதோடு, அவ்விதி எத்தேவையை நிறைவு செய்கிறது என்பதையும் கூறினால் விதிவிலக்குகள் பொருளுடையனவாகும்.

வரிசை வடிவமாதல்

கீற்றுவரிசை எழுத்தின் புறத்தே நிற்கும் ஒழுங்கு மட்டுமன்று, வடிவத்தையே ஆக்கவல்லது. நடையெழுத்திலும் விரைவெழுத்திலும் தூரிகை தாளைவிட்டு நீங்காமல் ஒரு கீற்றிலிருந்து அடுத்ததற்குச் செல்வதால், கீற்றுகளுக்கிடையேயான பாதையும் கோடாகப் பதிகிறது. வரிசை மாறினால் இவ்விணைப்புக்கோடுகள் வேறிடங்களில் விழும். அவ்வெழுத்தைப் பிறர் படித்தறிதல் கடினமாகும். செவ்வெழுத்துருவில் கண்ணுக்குப் புலப்படாத பிழை, விரைவெழுத்தில் வெளிப்படுகிறது.

1956இல் வெளியிடப்பட்ட எழுத்து எளிமையாக்கத் திட்டம் இதனை வேறொரு வகையில் உறுதிப்படுத்துகிறது. அத்திட்டத்தின் எளிய வடிவங்களுட் சில, விரைவெழுத்து வடிவங்களைச் செவ்வெழுத்துருவாக்கிப் பெற்றவை. நூலைக் குறிக்கும் ‘ஷூ’ எழுத்து 10 கீற்றுகளிலிருந்து 4 ஆகவும், கிழக்கைக் குறிக்கும் ‘தோங்’ 8 கீற்றுகளிலிருந்து 5 ஆகவும், வண்டியைக் குறிக்கும் எழுத்து 7 கீற்றுகளிலிருந்து 4 ஆகவும் குறைந்தன. பல தலைமுறைகளாக ஒரே வரிசையில் ஓடிய கைகள் விட்டுச்சென்ற தடமே இன்று அச்சு வடிவமாக நிற்கிறது. வரிசை ஆளுக்காள் வேறுபட்டிருப்பின் இத்தகைய பொதுவடிவங்கள் தோன்றியிரா.

அகராதியும் பெயர்ப்பட்டியலும்

நெடுங்கணக்கு இல்லாத எழுத்துமுறையில் சொற்களை எவ்வாறு அடுக்குவது என்பது அகராதியியலின் அடிப்படைச் சிக்கல். 1615இல் மெய் யிங்ஸுவோ தொகுத்த ‘ஸிஹுய்’ அகராதி, வகைக்குறிகளை 214 ஆகச் சுருக்கி, அவற்றையும் அவற்றின்கீழ் வரும் எழுத்துகளையும் கீற்று எண்ணிக்கைப்படி அடுக்கியது. அதன் தொடக்கப் பகுதியில் எழுதும் முறையைக் காட்டும் ஒரு பிரிவும் இடம்பெற்றுள்ளது. 1716இல் நிறைவுற்ற ‘காங்ஷி’ அகராதி இம்முறையையே மேற்கொண்டது.

கீற்று எண்ணிக்கை ஒத்த எழுத்துகளை வேறுபடுத்த, இன்று முதற்கீற்றின் வகையும் அடுத்தடுத்த கீற்றுகளின் வகையும் கருதப்படுகின்றன. சீனத்தில் பெயர்ப்பட்டியல்களைக் குடும்பப்பெயரின் கீற்று எண்ணிக்கைப்படி அடுக்கும் வழக்கம் உண்டு. ‘வாங்’, ‘மாவ்’ ஆகிய இரு குடும்பப்பெயர்களும் நான்கு கீற்றுகளை உடையவை. ‘வாங்’ கிடைக்கீற்றிலும் ‘மாவ்’ இடச்சரிவிலும் தொடங்குவதால் ‘வாங்’ முன்னர் வைக்கப்படும். ஐவகைக் கீற்றுகளுக்கு ஐந்து விசைகளை ஒதுக்கும் கைப்பேசி உள்ளீட்டுமுறையும் இவ்வடிப்படையிலேயே இயங்குகிறது. சீன நெறிமுறைப்படி ‘வாங்’ எழுத்தின் குறியீடு 1121. ஜப்பானிய வரிசையில் எழுதுபவர் 1211 என அழுத்துவார். அக்குறியீடு ‘வாங்’ எழுத்துக்குரியதன்று. வரிசை பொதுக்குறியீடாகும் இத்தகைய இடங்களில் அதன் ஒருமைப்பாடு தவிர்க்கவியலாத தேவையாகிறது.

நெறிமுறைகளும் அவற்றின் வேறுபாடும்

இத்தேவையை முன்னிட்டே 20ஆம் நூற்றாண்டில் அரசுகள் கீற்றுவரிசையை வரையறுத்தன. சீனத்தில் 1965இல் வெளியான அச்செழுத்து வடிவப் பட்டியல் 6196 எழுத்துகளின் வடிவத்தையும் கீற்று எண்ணிக்கையையும் வரிசையையும் நெறிப்படுத்தியது. 1988இல் 7000 பொதுவழக்கு எழுத்துகளின் பட்டியலும், 1997இல் அவ்வெழுத்துகள் ஒவ்வொன்றின் வரிசையையும் வெளிப்படையாகக் காட்டும் நெறிமுறையும் வந்தன. 2013இல் வெளியான 8105 எழுத்துகளின் பட்டியலுக்குரிய கீற்றுவரிசை நெறிமுறை 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தைவானில் கல்வி அமைச்சகம் 1996இல் 4808 எழுத்துகளுக்கான கீற்றுவரிசைக் கையேட்டை வெளியிட்டது. ஜப்பானில் 1958இல் கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டி நூல், தொடக்கக்கல்விக்குரிய 881 எழுத்துகளின் வரிசையைத் தந்தது.

இந்நெறிமுறைகள் பெரும்பாலான எழுத்துகளில் ஒன்றுபடுகின்றன, சிலவற்றில் வேறுபடுகின்றன. வயலைக் குறிக்கும் சதுர எழுத்தின் அகத்தே சீன நெறிமுறை கிடையை முன்வைக்கிறது. ஜப்பானிய வரிசை செங்குத்தை முன்வைக்கிறது. வலம், இடம் ஆகியவற்றைக் குறிக்கும் இரு எழுத்துகளையும் சீன நெறிமுறை கிடையில் தொடங்குகிறது. ஜப்பானிய வரிசையில் ‘இடம்’ கிடையிலும் ‘வலம்’ இடச்சரிவிலும் தொடங்கும். பழைய வடிவங்களில் இவை இரு கைகளின் ஓவியங்களாக இருந்தமையின் வேறுபாட்டை இவ்வரிசை காக்கிறது என விளக்குவர். கீற்று எண்ணிக்கையிலும் வேறுபாடு உண்டு. ‘தாவோ’ எழுத்துக்குச் சீனத்தில் 12 கீற்றுகள்; தைவானில் 13.

இவ்வேறுபாடுகளுள் ஒன்றைக் கல்லாமையின் விளைவு என ஒதுக்க இயலாது. ‘வாங்’ எழுத்தின் ஜப்பானிய வரிசை நடையெழுத்து மரபில் வழங்குவது. சீன நெறிமுறையின் வரிசை, மேலிருந்து கீழ் என்னும் விதிக்கும் கிடை முன் என்னும் விதிக்கும் இயைந்தது. ஒன்று கையெழுத்துக் கலையின் பழக்கத்தையும் மற்றொன்று விதியின் ஒருமையையும் முதன்மைப்படுத்துகிறது. 1958ஆம் ஆண்டின் ஜப்பானிய வழிகாட்டி இதனை உணர்ந்தே, தான் காட்டாத வரிசைகளைப் பிழையெனக் கூறவோ மறுக்கவோ முற்படவில்லை எனத் தெளிவுபடுத்தியது. கற்பித்தலில் குழப்பம் நேராதிருக்க ஒரெழுத்துக்கு ஒரு வரிசையைத் தேர்ந்துகொள்வதே அதன் நோக்கம். ஆயினும் வகுப்பறை நடைமுறையில் இத்தெளிவுரை மறக்கப்பட்டு, வழிகாட்டிய வரிசையே ஒரே சரியான வரிசை என்னும் எண்ணம் வேரூன்றியது.

கற்பித்தல் நோக்கில் கீற்றுவரிசை

சீனப் பள்ளிகளில் தொடக்கநிலை மாணவர் செந்நிறத்தில் அச்சிட்ட எழுத்தின்மீது எழுதிப் பழகுவர். பின்னர், கூட்டற்கோடுகளாலோ அவற்றோடு மூலைவிட்டங்களாலோ பகுக்கப்பட்ட கட்டங்களில் எழுதுவர். கட்டம் கீற்றின் இடத்தைக் காட்டும், காலத்தைக் காட்டாது. ஆதலின் வரிசையை ஆசிரியர் எழுதிக் காட்டியும் மாணவர் விரலால் காற்றில் எழுதியும் பயில்கின்றனர்.

இப்பயிற்சி நினைவோடும் தொடர்புடையது. ஓரெழுத்தின் வடிவம் உடனே நினைவுக்கு வராதபோது, சீனரும் ஜப்பானியரும் உள்ளங்கையிலோ காற்றிலோ விரலால் எழுதிப் பார்ப்பதைக் காணலாம். கண் மறந்ததைக் கை மீட்டுத் தருகிறது. வரிசை ஒவ்வொரு முறையும் மாறினால் இம்மீட்பு நிகழாது. இன்று உரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி, தோன்றும் எழுத்துகளுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் முறை பரவியுள்ளது. இதனால் படிக்கத் தெரிந்த எழுத்தையே எழுத இயலாத நிலை பலருக்கும் ஏற்படுகிறது. எழுதுகோலை எடுத்ததும் எழுத்து மறந்துபோதல் எனப் பொருள்படும் ‘தீபி வாங்ஸி’ என்னும் தொடர் இந்நிலையைச் சுட்ட வழங்குகிறது. இச்சூழலில் கீற்றுவரிசைப் பயிற்சியைப் பழைமைப் பற்று என ஒதுக்குதல் பொருந்தாது. அதேபோல், அதனை மதிப்பெண் குறைக்கும் கருவியாக மட்டும் கையாள்வதும் அதன் பயனைக் கெடுக்கும்.

எனவே மாணவர் எழுத்தில் காணும் வரிசைப் பிறழ்வுகளை இருவகையாகப் பகுத்தல் வேண்டும். அடிக்கோட்டை முதலில் மூடிவிட்டு அகத்தை நிரப்புதல், கீழிருந்து மேலெழுதுதல் போன்றவை இயக்கப்பிழைகள். இவை எழுத்தின் அளவொழுங்கைக் கெடுத்து, விரைவெழுத்துக்குச் செல்லும் வழியை அடைப்பன. இவற்றைத் தொடக்கத்திலேயே திருத்த வேண்டும். ‘வாங்’ எழுத்தை ஜப்பானிய வரிசையில் எழுதுதல் போன்றவை நெறிமுறை வேறுபாடுகள். மாணவர் பின்பற்றும் நெறிமுறை எதுவெனக் கூறி, அதனில் நிலைநிற்கச் செய்தலே இங்கு வேண்டுவது. மற்ற வரிசையைத் தவறெனக் கற்பித்தல் வேண்டா. இடக்கையால் எழுதுவோர்க்கும் இப்பகுப்பு துணைசெய்யும். வலக்கை இயக்கத்தில் விளைந்த விதிகளைக் காரணம் கூறாது திணிக்காமல், எத்தேவைக்காக அவை எழுந்தன என விளக்கிப் பழக்குதல் இயலும்.

முடிவுரை

கீற்றுவரிசை என்பது சீன எழுத்தின் செயல்வடிவம் எனலாம். தூரிகை, மூங்கிற்பட்டை, மேலிருந்து கீழ் எழுதும் வழக்கம் ஆகியவற்றால் அதன் அடிப்படை உருவாயிற்று. விரைவெழுத்தின் வழியே அது வடிவங்களை மாற்றிப் புதிய எழுத்துருக்களைத் தந்தது. அகராதி, பெயர்ப்பட்டியல், கைப்பேசி உள்ளீடு ஆகியவற்றில் பொதுக்குறியீடாகப் பயன்பட்டு, அரசு நெறிமுறையை வேண்டி நின்றது. விதிகள் தீர்மானிக்க இயலாத இடங்களில் சீனம், தைவான், ஜப்பான் ஆகியவை தத்தம் மரபுக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப வெவ்வேறு வரிசைகளைத் தேர்ந்தன.

ஆகவே கீற்றுவரிசையில் ‘சரி’ என்னும் சொல் இருபொருளில் வழங்குகிறது. கையின் இயல்புக்கு ஒத்தது என்பது ஒன்று. ஏற்றுக்கொண்ட நெறிமுறைக்கு ஒத்தது என்பது மற்றொன்று. முன்னது எழுதும் கலையைச் சார்ந்தது. பின்னது உடன்பாட்டைச் சார்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் வகுப்பறையில், நன்கு எழுதக்கூடிய மாணவரும் பிழை செய்தவராகக் கருதப்படுவார். இரண்டையும் பிரித்தறியும் ஆசிரியர், எங்கே கண்டிப்பு வேண்டும், எங்கே விளக்கம் போதும் என்பதை அறிவார்.